எரியாத நாட்கள்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

ஆண்டவன் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கிற பாத்தியதை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

இது உங்கள் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிற கடிதம். போன் செய்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. உங்கள் வீட்டு விலாசம் என்னிடம் இல்லாததால் நீங்கள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கே அனுப்புகிறேன்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு உங்கள் மாமனார் வீட்டில் இருபது பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். இரண்டு வாய் உள்ளே போனதும் இவர் நெஞ்சைக் குத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நீங்கள் சொன்னது அட்சரம் பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது: "ரிப்போர்ட்டை நானே படிச்சேன். உணவுக்குழாய் கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு கீறல் கிடையாது. எங்கண்ணன் உள்ள நெருப்புக்கோழி வளர்க்கிறாரு, அதான் அப்பப்ப கத்துது. நடிப்புக்கு மருந்து கிடையாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் தம்பி. அதை ஒப்புக்கொள்ளாமல் மேற்கொண்டு எழுத என் மனசு இடம் கொடுக்கவில்லை.

அந்த இருபது பேரில் இவருடைய மேஸ்திரியும் ஒருத்தர். குனிந்தால் புளித்தண்ணீர் மேலே வருகிறது, தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குப் பதிலாக சுவர் வேலை கொடுங்கள் என்று இவர் அதற்கு முந்தின வாரம்தான் அவரிடம் கேட்டிருந்தார். மறுநாள் காலையில் வேலையிடத்தில் மேஸ்திரி எல்லோர் முன்னாலும், "வாப்பா நெருப்புக்கோழி, குனிஞ்சா முட்டை விழுந்துருமோ?" என்றாராம். அன்றிலிருந்து இன்றுவரை தரை வேலைதான்.

எழுத வந்த விஷயம் வேறு. நான் பள்ளிக்கூடம் போனதில்லை என்று உங்களுக்குத் தெரியும். பிரார்த்தனைப் புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவள். ஆனால் எது நடந்தாலும் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இவருக்கு எரியும்போதெல்லாம் ஒரு நோட்டில் கோடு போடுவேன். ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து என்று இருந்தது. போன வருடம் ஆறானது, நாலானது, ஒன்றானது. டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் கோடே இல்லை. நேற்றோடு எழுபத்திரண்டு நாள் சுழி போட்டிருக்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள் பட்டினி இருந்து நான் வேண்டிக்கொண்டதற்கு ஆண்டவன் கொடுத்த பதில் இது. நடிக்கிறவன் பத்து வருடம் நடித்துவிட்டுத் திடீரென்று ஏன் நிறுத்தப் போகிறான், நீங்களே சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்பது இரண்டே வரி. "நான் சொன்னது தப்பு" என்று அவருக்கு எழுதுங்கள். எனக்கு அது போதும்.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணிக்கு வணக்கம்.

ஆய்வகத்தில் எனக்குக் கடிதம் வருவது இதுதான் முதல் தடவை. ஏதோ நோட்டீஸ் என்று நினைத்துப் பிரித்தேன்.

இரண்டு வரி போதாது. அண்ணன் நடிக்கவில்லை. இது ஒரு வருடமாகவே எனக்குத் தெரியும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் கோழையாக இருந்துவிட்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டுக் கண்ணாடியில் ஒட்டுவேன். போன வருடம் எங்கள் டாக்டர் ஒருவர் அண்ணனைப் போன்றவர்களின் துணுக்குகளாகச் சேர்த்தார். நெஞ்சு எரிகிறது என்று துடிப்பார்கள், உள்ளே பார்த்தால் புண் இருக்காது. அந்தச் சீவல்களையெல்லாம் நான்தான் சீவினேன்.

நரம்பு முனைகளில் 'ஏற்பி' என்று ஒன்று உண்டு அண்ணி. வெளியே என்ன படுகிறதோ அதை ஏற்று உள்ளே சேதி சொல்வது. மிளகாய் காரத்தையும், கொதிக்கிற சூட்டையும், புளித்த அமிலத்தையும் ஒரே வகை ஏற்பி உணருகிறது. மிளகாய் அரைத்த கையை நாம் எரியுது என்றுதானே சொல்கிறோம்? அது வெறும் பேச்சில்லை, உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். சாதாரணமாக இந்த நரம்பு முனைகள் உணவுக்குழாய்த் தோலின் ஆழத்தில் இருக்கும். அண்ணன் வேலையை வைத்தே சொல்கிறேன்: ஒயர் டைல்ஸுக்கு அடியில், சிமெண்டுக்குள் போகவேண்டும். இவர்களுக்கு அது டைல்ஸ் இடுக்குவரை ஏறி வந்திருக்கிறது. மேலே ஒரு சொட்டு பட்டாலும் ஷாக்தான். டைல்ஸை மட்டும் பார்க்கிறவனுக்குப் பளபளவென்று தெரியும். நான் டைல்ஸை மட்டும் பார்த்தேன்.

இதை அவரிடம் காட்டுங்கள். காலில் விழுகிறேன் என்று எழுதினால் அதையும் நடிப்பு என்பார், அதனால் எழுதவில்லை.

எரிச்சல் நின்றதில் சந்தோஷம். எதனால் நின்றது? மருந்து மாறியதா, சாப்பாடு மாறியதா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உங்கள் கொழுந்தன்

*

மார்ச் 3

தம்பிக்கு,

ஆண்டவன் கிருபையால் நலம்.

கடிதத்தை அவருடைய சாப்பாட்டுத் தூக்கின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். ஜன்னலோரம் நின்று மூன்று தடவை படித்தார். "பரவால்லயே, நெருப்புக்கோழிக்குப் பெரிய இடத்துலேருந்து கடுதாசி வருது" என்றார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரசமட்டத்துக்கும் ரப்பர் சுத்தியலுக்கும் நடுவில் கருவிப் பையில் வைத்துக்கொண்டார்.

"மேஸ்திரிகிட்ட காட்டுனீங்களா?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"எதுக்கு? எரியுறப்ப எரியுதுன்னேன், எவனும் கேக்கல. இப்ப எரியாதவன் போயி அப்ப எரிஞ்சுதுன்னா கேப்பானா? போடி" என்றார். ஆனால் அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே குளித்தார். அந்த விசிலைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! உங்களுக்கும் என் பிரார்த்தனையில் ஒரு இடம் கொடுத்திருக்கிறேன்.

எதனால் நின்றது என்று கேட்டீர்கள். எதுவும் மாறவில்லை. எரிச்சல் நின்றபிறகு மாத்திரையையும் விட்டுவிட்டார். சாப்பாடு அதேதான், ஆனால் சாப்பிடுகிற விதம் திருந்தியிருக்கிறது. முன்னே அவக் அவக்கென்று விழுங்குவார். இப்போது ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்று, ஒரு மடக்குத் தண்ணீரோடு இறக்குகிறார். இந்தப் பொறுமையும் வேண்டுதலில் வந்ததுதான்.

ஒரே ஒரு குறை, அதுவும் சலவைக் குறை. காலையில் எழுந்தால் தலையணையில் புளித்தண்ணீர் கறை இருக்கும். என் சலவை நோட்டில் எரிச்சல் இருந்த காலத்திலும் வாரத்துக்கு நாலு உறை, இப்போதும் வாரத்துக்கு நாலு உறை. மஞ்சள் போகவே மாட்டேன் என்கிறது. உங்கள் ஆய்வகத்தில் கறை எடுக்க எதையாவது போடுவீர்கள் என்றால் எழுதுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சம்சாரத்திடம் கேட்டு எழுதுங்கள், அவளுக்கு இதெல்லாம் தெரியும்.

அண்ணி

*

மார்ச் 9

அண்ணி,

கறையை விடுங்கள். உறையைத் துவைக்கவும் வேண்டாம்.

உங்கள் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் எரிச்சல் நின்றுவிட்டது. இன்னொன்றில் அமிலம் நிற்கவில்லை, அதே நாலு உறை. அப்படியானால் நின்றது அமிலம் இல்லை. அதை உணர்வதுதான் நின்றிருக்கிறது.

வருடக்கணக்காக அமிலம் பட்டுப் பட்டுச் சிலருக்குக் குழாயின் கீழ்ப்பகுதித் தோலே மாறிவிடும். பழைய தோல் போய், குடலில் இருப்பது மாதிரி வேறு தோல் முளைக்கும். டைல்ஸைப் பெயர்த்துவிட்டு வேறு ஜாதி டைல்ஸ் ஒட்டின மாதிரி. அது அமிலத்தைத் தாங்கும். நரம்பு முனைகள் ஆழத்துக்குப் போய்விடும், மேலே சேதி சொல்ல ஆள் இருக்காது. எரியாது. ஆனால் அந்தப் புதுத் தோல் நல்லதில்லை. சிலருக்கு அதிலிருந்துதான் கட்டி வருகிறது.

எரிச்சல் நின்ற எல்லோருக்கும் இப்படி என்று சொல்லவில்லை. பெரும்பாலானோருக்கு நிஜமாகவே குணமாகியிருக்கும். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொறுமை இல்லை அண்ணி. இறங்கவில்லை. இந்த வாரமே எண்டோஸ்கோப்பிக்குக் கூட்டிப் போங்கள்.

உங்கள் பேச்சை மீறி நேற்று போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

*

மார்ச் 30

தம்பிக்கு,

ஆண்டவன் கிருபையால் நலமாகத்தான் இருக்கிறோம்.

உங்கள் கடிதத்தைக் காட்டினேன். பாதி படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எரிஞ்சப்ப ஒண்ணுமில்லன்னான். எரியாதப்ப என்னமோ இருக்குன்றான். எரிஞ்சாலும் குத்தம், எரியலைன்னாலும் குத்தம். அவனுக்கு என்னதான்டி வேணும்? நான் நிம்மதியா இருக்கறது பொறுக்கலையா?" என்றார். பிறகு கருவிப் பையிலிருந்து உங்கள் முதல் கடிதத்தை எடுத்து, இரண்டாவதோடு சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டார். "ரெண்டும் ஒரே கையெழுத்துதான். ஒண்ணை நம்பினா இன்னொண்ணையும் நம்பணும். ரெண்டும் வேணாம்."

நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் கோபம்தான். பத்து வருடம் முட்டி தேய வேண்டினேன். கொடுத்தவன் அவன். கொடுத்ததைப் பிரித்துப் பார்த்து, இதுதான் வியாதி என்று நீங்கள் சொல்கிறீர்கள். கண்ணாடியில் வைத்துப் பார்க்க எல்லாமா துணுக்கு? டாக்டரிடம் போனால் நான் ஆண்டவனை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?

இந்த வீட்டில் இப்போது யாருக்கும் நெஞ்சு எரியவில்லை. தயவுசெய்து எழுதாதீர்கள்.

அண்ணி

பின்குறிப்பு: தண்ணீரைக் குறித்து வைக்கச் சொல்லி நீங்கள் எழுதவில்லைதான். இருந்தாலும் குறித்தேன். மார்ச் பதினாலாம் தேதி ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு டம்ளர். நேற்று நாலரை.

*

ஏப்ரல் 7

அண்ணி,

எழுதாதீர்கள் என்றீர்கள். மன்னிக்க வேண்டும்.

நாலரை டம்ளரைக் குறித்த கை எனக்குப் பதில் சொல்லிவிட்டது. உங்களுக்கும் பயம் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் உங்களை நான் வற்புறுத்தக்கூடாது. ஏழு வருடத்துக்கு முன் இங்கிலீஷில் இருந்த அந்த ரிப்போர்ட்டை வீட்டில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது என்று என்னிடம்தான் கொடுத்தீர்கள். குழாயில் கீறல் இல்லை என்ற முதல் வரியைப் படித்துக் காட்டினேன். கடைசியில் இன்னொரு வரி இருந்தது. எரிச்சல் தொடர்ந்தால் மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று. அதை நான் படித்தேன், ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை. எல்லா ரிப்போர்ட்டிலும் ஒப்புக்கு எழுதுகிற வரி என்று நினைத்தேன். பிறகு சண்டையாகிவிட்டது. மூன்றாவது வருடம் அது என் ஞாபகத்துக்கு வந்தது. நானாகப் போய் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். என் மேல் இருக்கிற கோபத்திலாவது ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். ஆண்டவனைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது அண்ணி. உங்களை இரண்டு நோட்டுப் போட வைத்தது யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

*

ஜூன் 2

தம்பி,

உங்கள் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டேன். ஏழு வாரம் அது அங்கேயே இருந்தது. நீங்கள் ஒரு வரியை மறைத்தீர்கள், நான் ஒரு கடிதத்தை. இனி யாரை யார் குற்றம் சொல்வது?

மே கடைசியில் மசித்த சோறுகூட இறங்காமல் அடைத்துக்கொண்டது. கண் பிதுங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு போனோம். குழாய்க் கருவி பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. கட்டி. ஈரலுக்கும் போயிருக்கிறதாம்.

டாக்டரம்மா சின்ன வயது. "நெஞ்சு எரிச்சல் இருந்திருக்குமே, ஏன் முன்னாடியே வரல?" என்று கேட்டார்கள்.

"எரிஞ்சப்ப வந்தோம்மா. ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் எரியல."

அந்தம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். இவர் படுக்கையிலிருந்து, "ஏம்மா, டைல்ஸ் மாறிப்போச்சாமே? தப்பா ஒட்டினதைப் பெயர்த்துட்டு வேற ஒட்ட முடியாதா? நான் எத்தனை வீட்ல பண்ணிருக்கேன்" என்றார். "தரையோட சேர்ந்து போயிருச்சுய்யா" என்று அந்தம்மா சொன்னார்கள். இவர் தலையை ஆட்டினார். தொழில் தெரிந்தவர்.

ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகத் தெளிந்த கஞ்சி ஊற்றுகிறேன்.

எழுபத்திரண்டு சுழி என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேனே. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். கிழிக்க முடியவில்லை. நோட்டு நோட்டுதான்.

*

ஜூன் 19

அண்ணி,

உங்கள் ஆஸ்பத்திரி அண்ணனின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைச் சரிபார்க்க எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தது. டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும். கூட வந்த சீட்டில் வயதும் தொழிலும் இருந்தன: டைல்ஸ் வேலை. இன்னொருவர் சீவட்டும் என்று தள்ளி வைத்தேன். பிறகு நானே எடுத்துக்கொண்டேன். பதினெட்டு வருடமாகச் சீவுகிறவன் நான். முதல் ஐந்து சீவல் கிழிந்துவிட்டது.

நரம்பு முனைகளுக்கான சாயத்தையும் போட்டுப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன். பழுப்புப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். மேற்பரப்பில் ஒரு புள்ளி இல்லை. சுத்தமாக இருந்தது. அன்றைக்குக் கண்ணாடி மாதிரி என்று சொன்னேனே, இதுதான் அண்ணி கண்ணாடி.

அன்றைக்கு எரிந்தது அண்ணனைக் காப்பாற்றத்தான் எரிந்தது. நான் அதைக் கேலி செய்தேன்.

பதினைந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. வரட்டுமா? அவர் வேண்டாம் என்றால் வரவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பவும் தயார்.

*

ஜூன் 28

தம்பிக்கு,

அவரிடம் கேட்டேன். பேச்சு காற்றாகத்தான் வருகிறது, காதை வாயருகே வைத்துக் கேட்கவேண்டும். "வரச்சொல்லு. வந்து அழுதான்னா, நெருப்புக்கோழி முட்டை போட்டுருச்சுன்னு மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பிருவேன்னு சொல்லு" என்றார். சீக்கிரம் வாருங்கள். லீவு முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் தேவைப்படாது என்று டாக்டரம்மா சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

வருவதற்கு முன் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் அவர் முன்னால் ஏதாவது வாய் தவறிவிடுவீர்கள்.

அந்த நரம்பு முனைகள் திரும்பி மேலே வந்துவிட்டால் தோலும் பழையபடி ஆகிவிடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். நீங்கள் அப்படி எழுதவில்லை, தெரியும். ஆனாலும் ஒரு மனுஷிக்கு வேண்டிக்கொள்ள ஏதாவது வேண்டுமே. எரிச்சலை எடுத்துவிடு என்று பத்து வருடம் கேட்டவள், எரிச்சலைத் திருப்பிக் கொடு என்று முட்டி போட்டேன். கேட்கிறவன் என்ன நினைத்திருப்பானோ! தினமும் காலையில் நோட்டும் பென்சிலுமாகக் கட்டிலில் உட்கார்ந்து, "எரியுதா?" என்று கேட்பேன்.

"இல்லடி."

சுழி போடுவேன். பத்து நாள் இப்படியே போயிற்று. பதினோராம் நாள், "லேசா எரியுற மாதிரி இருக்கு" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏழு மாதத்துக்கு அப்புறம் ஒரு கோடு. மறுநாள் இரண்டு. நேற்றும் இரண்டு.

இன்று காலை கேட்டபோதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். அந்தக் காலத்தில் எரிந்தால் முஷ்டியை நெஞ்சுக்குழியில் குத்திக்கொண்டு முன்னால் சாய்வார். கால்விரல் மடங்கிக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் கட்டும். நான் பக்கத்தில் இருப்பதே தெரியாது. வலிக்கிறவன் வலியைத்தான் பார்ப்பான். இன்று உள்ளங்கையை விரித்துச் சட்டைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு, "எரியுது... நல்லாவே எரியுது" என்றார். கால்விரல் மடங்கவில்லை. கண் என் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கோடு போடுகிறேனா என்று.

அன்றைக்கு நீங்கள் சொன்னது இப்போதுதான் நிஜமாயிற்று தம்பி. உங்கள் அண்ணன் நடிக்கிறார். பாவம், அவருக்கு நடிக்கவே வரவில்லை.

நீங்கள் வந்ததும் உங்களிடமும் எரியுது என்பார். அப்படியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு மூன்று கோடு போட்டேன்.

அண்ணி